ஈரம் வந்த வழி

எங்கள் ஆய்வகத்தில் எது கெட்டாலும் அந்த அக்கா முதலில் தன் பின்னலைத்தான் தொட்டுப் பார்ப்பாள். நுனியை இரண்டு விரலால் உருட்டி, காய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் காதோரம் தடவுவாள், பிறகு சுடிதாரின் கையோரம். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"மொதல்ல நானு" என்பாள். "காலைல ஆறு மணிக்குத் தல குளிச்சேன். பஸ்ஸுல ஜன்னலாண்ட குந்திகினு வந்தேன், காஞ்சிருச்சி. பூ வெக்கல. வந்ததும் ரெண்டு தபா கைய தொடச்சேன். ஒம்போதரைக்குப் பெட்டியில கைய உட்டேன். வலது கிளவ்ல பவுடர் போட மறந்துட்டேன், கை வேர்த்துருச்சி. அது என் தப்பு. இப்ப நீங்க சொல்லுங்க."

அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் எல்லோருக்கும் வில்லங்கம். ஒருத்தி தன் குற்றத்தைத் தானே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? எங்கள் பேராசிரியருக்கு அந்த நேரம் பார்த்து தவறாமல் ஒரு போன் வரும். மணி அடித்த சத்தத்தை மட்டும் நாங்கள் யாரும் கேட்டதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் வராந்தாவுக்குப் போய்விடுவார். எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

இது என்ன ஈரப் பைத்தியம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சமையலறை உப்பில் இருக்கிற சோடியம்தான் எங்கள் சரக்கு. அதை வைத்து பேட்டரி செய்யலாம். வழக்கமான பேட்டரிக்குள் ஊற்றுகிற திரவம் தீப்பிடிக்கிற ரகம். திரவத்துக்குப் பதிலாக ஒரு திடப்பொருளை வைத்து, அதன் வழியாகவே சோடியத்தை ஓடவைக்க வேண்டும். இதுதான் என் ஐந்து வருடத்து வேலை. சோடியம் குளோரைடையும் சிர்கோனியம் குளோரைடையும் குண்டுகள் போட்ட ஜாடியில் மணிக்கணக்கில் அரைத்து, மாத்திரையாக அழுத்தி எடுத்து, அதற்குள் சோடியம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்போம். இந்தக் குடும்பத்துப் பொருள்களுக்கு ஹாலைடு என்று பெயர். பார்க்கப் பரம சாது. ஈரக் காற்று கொஞ்சம் பட்டுவிட்டால் போதும், பிசுபிசுத்து, அமில வாடை அடித்து, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும்.

ஆகவே எல்லா வேலையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்தான். உள்ளே ஆர்கான் வாயு ஓயாமல் சுற்றிச் சுத்தமாகிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் தோள் வரை வருகிற இரண்டு கறுப்பு ரப்பர் கையுறைகள். பொருளை உள்ளே அனுப்ப, பக்கவாட்டில் குழாய் போல ஒரு சின்ன அறை. அதில் பொருளை வைத்து வெளிக்கதவை மூடி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி, ஆர்கான் நிரப்ப வேண்டும். இதையே மூன்று தடவை செய்த பிறகுதான் உள்கதவைத் திறக்கலாம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் பெட்டி அக்கா. அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கேட்டால், கதையில் தாராளமாகப் போடு என்றுதான் சொல்வாள். எனக்குத்தான் மனசில்லை.

என்னைவிட நாலு வயது மூத்தவள். டிப்ளமா முடித்து, ஒப்பந்தத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள். வீடு மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில். விடியற்காலையில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஜி.எஸ்.டி. சாலையில் எங்கள் கல்லூரி வாசலில் இறங்குவாள். உலகத்திலேயே ஈரம் அதிகமான வீட்டிலிருந்து ஈரமே ஆகாத பெட்டிக்கு தினமும் இரண்டு பஸ் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் என்னை "டாக்டரே" என்று கூப்பிடுவாள். பட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பிருந்தே அப்படித்தான்.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு சாம்பிள் கெட்டுப்போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவள்தான் எதையோ செய்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு, நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நேராகப் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். குளித்தது, துடைத்தது, ஒரு நகம் வளர்ந்திருப்பது உட்பட ஒன்று விடவில்லை. கடைசியில், "இப்ப நீ சொல்லு டாக்டரே" என்றாள். என்னவோ தெரியவில்லை, என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"தயிர் சாதம் சாப்பிட்டேங்க்கா. கை கழுவிட்டுத் துடைக்காம பெட்டியில விட்டுட்டேன்."

"அவ்ளோதான? நான் கூட இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு, ஒரு பழைய துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். சண்டை போடப் போனவன் துண்டோடு திரும்பி வந்தேன். அவளிடம் யாருமே சண்டை போட்டு ஜெயித்தது இல்லை, ஏனென்றால் சண்டை ஆரம்பிக்கும் முன்பே அவள் தோற்றுவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிடப் போயிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து அவள் அண்ணன் கடலுக்குள் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். எஞ்சின் நடுவில் நின்றுபோய், பக்கத்துப் படகில் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கேனை மூடாமல் வைத்தது யார் என்று அண்ணன் கத்த, அண்ணி திருப்பிக் கத்த, கூடப் போன சித்தப்பாவும் சேர்ந்துகொள்ள, என் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். பின்னலைத் தொட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"மொதல்ல நானு. நேத்து புனலைக் கழுவுனேன். வெயில்ல வெக்காம அப்டியே கேன் மேல கவுத்துட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க."

 முதலில் சித்தப்பா, கேனை நனைந்த மணலில் படுக்க வைத்தது தான்தான் என்றார். அண்ணி, மூடி இறுக மாட்டேன் என்றது தனக்கு முந்தாநாளே தெரியும் என்றாள். கடைசியில் அண்ணனே தலையைச் சொறிந்துகொண்டு, வடிகட்டாமல் ஊற்றியது தான் என்று முணுமுணுத்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் அம்மா எனக்கு இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்துவிட்டு அலுத்துக்கொண்டார்.

"இவ ஒருத்தி கீறதால இந்த வூட்ல ஒரு சண்டைய முழுசா போட முடியல தம்பி."

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாய் திறக்காமல் இருந்தாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என் ஐந்தாம் வருடம் முடிகிற சமயம். எனக்கு இன்னும் ஒரு வருடம் தரலாமா, வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று முடிவு செய்ய நவம்பரில் ஒரு குழு வருவதாக இருந்தது. கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு முடிவும் இல்லை. என் வீடு அச்சரப்பாக்கத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள். அப்பா இப்போது ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி. சர்ச்சில் பாஸ்டர் உட்பட எல்லோரிடமும் பையன் டாக்டர் ஆகப்போகிறான் என்று சொல்லி வைத்திருந்தார். பட்டம் இல்லாமல் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் நான் எப்படி நுழைவேன்?

ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். ஆய்வகத்தில் பூஜை நடந்தது. பேராசிரியர், மெஷின்களுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பெட்டியில் சுற்றுகிற ஆர்கானையும் சேர்த்துத்தான். மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு ஆரம்பித்தால் கைகூடும் என்று அவர் சொன்னதால் நானும் காலையிலேயே வந்துவிட்டேன். எனக்கு முன்பே வந்து பெட்டியை ஓடவிட்டிருந்த அக்கா, ஒரு காகிதத்தில் பொரி கடலை மடித்துக் கொடுத்தாள். நான் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் பொரி கடலையை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் ஜாடியைச் சின்ன அறைக்குள் வைத்தேன். மூன்று தடவை பம்ப் போட வேண்டும். எனக்கு இருந்த அவசரத்தில் ஒரு தடவையோடு உள்கதவைத் திறந்துவிட்டேன். பெட்டியின் ஈரமானி கொஞ்சம் ஏறியது. ஒரு நாள் நின்ற பெட்டிதானே, தானாக இறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து எண் வந்தது. அதுவரை நான் பார்த்ததைப் போலப் பல மடங்கு. சோடியம் அந்த மாத்திரைக்குள் ஓட்டப் பந்தயம் ஓடியது. நிமிர்ந்தே பார்க்காத பேராசிரியர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று சாயங்காலமே குழுத் தலைவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தத் தடவை மறுமுனையில் மணி அடித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நான் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா மைசூர்பாகை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தையே பார்த்தாள்.

"டாக்டரே, ஈரம் எங்கருந்து வந்துச்சி?"

"நல்ல நம்பர் வந்தா ஈரமாக்கா? கெட்டுப்போனாத்தான் ஒத்துக்குவீங்களா?"

"ஈரம் பட்டாலும் கொஞ்ச நாளைக்கு நல்லாத்தான் ஓடும். அப்புறம் தெரியும் சேதி."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பொறாமை என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் அவள் கை பின்னலுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "மொதல்ல நானு" வரப்போகிறது, என் ஒற்றைப் பம்ப்பைச் சொல்லியாக வேண்டும் என்று பயந்து நின்றேன். அவள் பின்னலைத் தொட்டாள். அப்படியே கையை இறக்கினாள். மைசூர்பாகை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

எனக்கு உயிர் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கு உயிர்தான் வந்தது.

அதற்கப்புறம் மூன்று நாள் நாங்கள் ஒருவரை ஒருவர் தவிர்த்தோம். நான் கேன்டீனில் நுழைந்தால் அவள் கிளம்புவாள். அவள் பெட்டி அருகே வந்தால் எனக்கு நூலகத்தில் வேலை வந்துவிடும். அந்த மாதம் அவளை நிரந்தரமாக்குகிற ஆர்டர் வரும் என்று ஆபீஸில் பேச்சு இருந்தது. ஆறு வருடமாக அவள் காத்திருந்த ஆர்டர். அதற்கு முன் பயபக்தியோடு இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் அவளே என்னைக் கூப்பிட்டாள். சின்ன அறைக்குள் பொருள் வைக்கிற தட்டுப்பலகையை முழுதாகக் கழற்றி வெளியே வைத்திருந்தாள். டார்ச் அடித்துக் காட்டினாள். அடியில் ஒரு கைப்பிடி பொரி, நாலைந்து பொட்டுக்கடலை, குழைத்த சந்தனம் ஒரு தீற்றல்.

"பூஜ அன்னிக்கி எல்லா மெஷினுக்கும் வெளிய பொட்டு வெச்சேன். இது நம்ம பெட்டியாச்சே, வெளிய மட்டும் வெச்சா போதாதுன்னு தோணுச்சி. பொரித் தட்ட உள்ள வெச்சிப் படைச்சேன். மறுநா காலைல இழுக்கசொல்ல சாஞ்சிருச்சி. பெருக்கி எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"நான் தின்னேனே, அந்தப் பொரியா?"

"அதேதான்."

"எப்ப ஞாபகம் வந்துச்சி?"

"நம்பர் வந்த அன்னிக்கே. சொல்லலான்னு வாயெடுத்தேன். ஆர்டரு கண்ணு முன்னால வந்து நின்னுகிச்சி" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, என் எண் போகப்போகிறது என்பதும் பொறுக்கவில்லை.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும். துடைச்சிடலாம்க்கா" என்றேன்.

"தொடச்சிட்டு? நாளைக்கு ஒருத்தன் வந்து இதே நம்பர் வரலியேன்னு அஞ்சு வருசம் அரைச்சிகினு கெடப்பான். உன்னிய மாதிரியே ஒருத்தன்."

 "அக்கா, பொரி மட்டும் இல்ல. நான் ஒரு தடவதான் பம்ப் போட்டேன்" என்றேன்.

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடப்பாவி. நான் மட்டும்தான் பண்ணேன்னு நெனச்சிகினு மூணு நாளா சோறு துன்னாம கீறேன். முன்னாலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா நீ?"

இரண்டு நாள் பெட்டியை ஓடவிட்டு, பலகையை அடுப்பில் காயவைத்து, புதிதாக அரைத்து அளந்தோம். பழைய மாத்திரையையும் வெளியே எடுத்துப் பார்த்தோம். ஓரமெல்லாம் பிசுபிசுத்துப் போயிருந்தது. புது எண் சின்னதாகத்தான் இருந்தது. போன வருடத்ததைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். முந்தையது ஈரத்தால் வந்த எண் என்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னோம். எப்படி என்று அவர் கேட்கவில்லை. "ம்" என்றார். சொல்லிவைத்த மாதிரி அவருக்குப் போன் வந்தது.

குழு வந்த நாளில் தலைவர் கழுத்தில் பைனாகுலரோடு வந்து இறங்கினார். கூட்டம் முடிந்ததும் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை பார்க்கப் போகிறாராம். நான் சின்ன எண்ணைக் காட்டினேன். பெரிய எண் தவறு, மூன்று தடவை பம்ப் போட வேண்டிய இடத்தில் ஒரு தடவையோடு விட்டது என் தவறு என்று சொன்னேன். பொரித் தட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்காவின் ஆர்டரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"ஒரு தடவை பம்ப் பண்ணதுக்கே இவ்வளவு ஈரம் வருமா?" என்று தலைவர் புருவத்தை உயர்த்தினார்.

"வரும் சார்" என்றேன்.

"நம்பற மாதிரி இல்லையே. வெளியில வெயிட் பண்ணுங்க" என்றார்.

வெளியே அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் சொல்ட்டியா டாக்டரே?"

"சொல்லிட்டேன்க்கா."

"தட்டு?"

"அது எதுக்கு? உங்க ஆர்டர் நேரத்துல..."

அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை. "என்னுத நீ ஏன் எட்த்துகின? பம்ப்பு போடாதது உன்னுது. தட்டு வெச்சது என்னுது. எல்லாத்தையும் நீயே வாரிக்கினா நான் இன்னாத்த சொல்றது? அடுத்த வருசம் இன்னொருத்தி தட்ட வெப்பா, அப்பவும் ஒரு பையன் பம்ப்பு சரியா போடலன்னுதான் எழுதுவாங்க."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஒரு வருடம் கிடைத்தது. அவளுக்கு ஆர்டர் அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம்தான் வந்தது. ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனபோது இரண்டுமே எங்களுக்குத் தெரியாது. நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், இத நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். லேட்டாயிருச்சி" என்று ஆரம்பித்தாள். பொரி, சந்தனம், தட்டு சாய்ந்தது, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது வரை ஒன்றையும் விடவில்லை. ஆர்டருக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். தலைவர் சிரிக்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும், பழக்க தோஷத்தில், அந்த மூன்று சொற்களையும் சொல்லிவிட்டாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழுவோடு உட்கார்ந்திருந்த பேராசிரியரின் கை மேஜை மேல் கிடந்த போனுக்குப் போனது. போய், அதைக் கவிழ்த்து வைத்தது.

"பெட்டியை நிறுத்தச் சொன்னது நான்" என்றார் அவர், தலைவரைப் பார்த்து. தொண்டையைச் செருமிக்கொண்டார். "திரும்ப அளந்து பார்க்காம அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணதும் நான்தான்."